புகையை எரிக்கச் செலவான பெட்ரோல்

ரோட்டரி இன்ஜினைப் பற்றி விவரம் தெரிந்தவர்களிடம் பேச்செடுத்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே மைலேஜ் வந்து நிற்கும். அதிர்வில்லாமல் சுழலும், அளவில் சிறியது, 7,000 சுற்றிலும் மூச்சு வாங்காது, எல்லாம் சரி, ஆனால் பெட்ரோலைக் குடித்துத் தீர்த்துவிடும் என்பார்கள். அதன் வரலாற்றை எழுதுகிறவர்களும் இதையே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறார்கள்: 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்தது, பிறவியிலேயே பெருந்தீனிக்காரனான இன்ஜின் அதில் மடிந்தது, ஹிரோஷிமாவில் மாஸ்டா கார்களைச் செய்துவந்த டோயோ கோக்யோ மட்டும் பிடிவாதமாக அதைக் கைவிட மறுத்தது. இந்தக் கதையில் பாதிதான் உண்மை. 1974-ல் அமெரிக்கச் சாலைகளில் ஓடிய மாஸ்டா ரோட்டரி குடித்த பெட்ரோலில் கணிசமான பங்கு சக்கரத்தைச் சுழற்றவே போகவில்லை, புகையைச் சுத்தம் செய்யப் போனது. அப்படிச் செலவழிக்கலாம் என்று தெரிந்தே முடிவெடுத்தார்கள். பின்னர் மைலேஜ் ஏறியதும் முதலில் அந்த முடிவைத் திருத்திக்கொண்டதால்தான். இன்ஜினின் வடிவத்துக்கும் இதில் பங்குண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எது வடிவத்தின் குற்றம், எது காலத்தின் நிர்ப்பந்தம் என்று பிரித்துப் பார்க்காமல் ரோட்டரிக்குத் தீர்ப்பெழுதுவது நியாயமாகாது.

தொடக்கக் காலத்தில் மைலேஜ் ஒரு பேச்சாகவே இல்லை. ஃபெலிக்ஸ் வான்கெல் என்ற ஜெர்மானியரின் யோசனையை வைத்து என்எஸ்யூ நிறுவனம் 1957-ல் முதல் இன்ஜினைச் சோதனை மேடையில் ஓட்டிக் காட்டியது. டோயோ கோக்யோவின் தலைவர் சுனேஜி மட்சுடா 1960-ல் ஜெர்மனிக்கே போய்ப் பேசினார், 1961-ல் உரிமம் கைக்கு வந்தது. அவருடைய அவசரத்துக்குக் காரணம் தொழில்நுட்பக் காதல் மட்டுமல்ல. அந்நேரம் ஜப்பானின் வர்த்தகத் தொழில்துறை அமைச்சகம் சிறிய கார் நிறுவனங்களைப் பெரியவற்றோடு சேர்த்துவிடத் திட்டமிட்டுக்கொண்டிருந்தது. மூன்று சக்கர லாரி செய்து வளர்ந்த கம்பெனி தனித்து நிற்க வேண்டுமானால் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று அதனிடம் இருந்தாக வேண்டும். 1963-ல் கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் 47 பொறியாளர்கள் கொண்ட ஆராய்ச்சித் துறை உருவானது. பிஸ்டனுக்குப் பதிலாகக் கூட்டுக்குள் சுழலும் முக்கோண ரோட்டரின் மூன்று முனைகளிலும் இருக்கும் சீல்கள் கூட்டின் உட்சுவரில் அதிர்ந்து அதிர்ந்து வரிவரியாகக் கீறல் போட்டன. அவற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் சாத்தானின் நகக்கீறல். கார்பனில் அலுமினியத்தைப் புகுத்திய சீல் கொண்டு அதைத் தீர்த்து, 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் காரை விற்பனைக்கு விட்டார்கள். என்எஸ்யூ அதே ஆண்டு கொண்டுவந்த ஆர்ஓ 80 காரோ சீல் தேய்மானத்தாலேயே பெயரைக் கெடுத்துக்கொண்டது. இன்ஜின் பிழைக்குமா என்பதே கேள்வியாக இருந்த காலத்தில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

வடிவத்தின் குற்றம் என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். பிஸ்டன் இன்ஜினில் தீப்பிடிக்கும் அறை ஒரே இடத்தில், ஏறத்தாழ ஒரு குட்டி உருளையாக இருக்கிறது. ரோட்டரியில் அது பிறைபோல் நீண்டு மெலிந்த இடைவெளி, அதுவும் ரோட்டரோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் வாயுவின் அளவுக்குச் சுவரின் பரப்பு அதிகம் என்பதால், எரிந்து கிடைக்கும் சூட்டில் பெரும்பங்கு வேலை செய்யாமல் குளிர்நீருக்குப் போய்விடுகிறது. தீ முன்பக்கம் எளிதில் பரவும். வாயு ஓடுகிற திசைக்கு எதிராகப் பின்மூலைக்குப் போவதற்குள் நேரம் கடந்துவிடுகிறது, அங்கே தேங்கிய கலவை எரியாமலே வெளியேறுகிறது. இதற்காகத்தான் ஒரு ரோட்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக் வைத்தார்கள். பின்னால் இருக்கும் பிளக்கின் துளையை உற்றுப் பார்த்தால் முன்னதைவிட மிகச் சிறியதாக இருக்கும். ரோட்டர் முனையின் சீல் அந்தத் துளையைக் கடக்கும் கணத்தில் ஒரு பக்கத்து அழுத்தம் துளை வழியே மறுபக்கம் கசிந்துவிடும் என்பதால், பிளக்கின் வேலை குறைந்தாலும் பரவாயில்லை என்று துளையைச் சுருக்கினார்கள். ரோட்டரி வடிவமைப்பு முழுக்க இப்படி ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிற பேரம்தான். வாகனம் நின்றபடி ஐடிலில் ஓடும்போதும் மெதுவாக ஊர்ந்துபோகும்போதும் இந்த நஷ்டங்கள் பெரிதாகத் தெரியும். ஏனென்றால் சூட்டிழப்பும் கசிவும் பெரிதாகக் குறையாது, கிடைக்கும் வேலைதான் குறையும். முழுச் சுமையில் விகிதம் மாறிவிடும். இந்த வேறுபாடு பின்னால் வரப்போகும் கதைக்கு முக்கியம்.

இங்கே ஓர் அளவுகோல் தகராறும் உண்டு. 573 சிசி அறை கொண்ட இரண்டு ரோட்டர்களைக் கூட்டி 1,146 சிசி என்று விளம்பரத்தில் போட்டால், 1,200 சிசி பிஸ்டன் கார் கொடுக்கும் மைலேஜை வாங்குகிறவர் எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் நான்கு வீச்சுப் பிஸ்டன் இன்ஜின் தன் முழுக் கொள்ளளவை உறிஞ்ச அச்சு இரண்டு முறை சுழல வேண்டும். ரோட்டரி ஒவ்வொரு சுழற்சியிலும் உறிஞ்சிவிடுகிறது. காற்று உறிஞ்சும் கணக்கில் அது இருமடங்கு பெரிய இன்ஜின். வரி போடும் ஜப்பானிய அரசுக்கு இது தெரிந்திருந்தது, ரோட்டரியின் கொள்ளளவை ஒன்றரை மடங்காகக் கணக்கிட்டுத்தான் வரி வாங்கியது. சிறிய இன்ஜின், பெரிய சக்தி என்று விற்றவர்களே, சிறிய இன்ஜின், பெரிய பசி என்ற பழியையும் தேடிக்கொண்டார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

இனி புகைக்கு வருவோம். அமெரிக்கா 1970-ல் தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. மாஸ்டா ரோட்டரி கார்கள் அமெரிக்காவில் கால்வைத்ததும் அதே ஆண்டுதான். ரோட்டரியின் புகையில் நைட்ரஜன் ஆக்சைடு குறைவு, எரியாத ஹைட்ரோகார்பன் மிக அதிகம். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அன்று குழந்தைப் பருவத்தில் இருந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் அதைக் கெடுத்துவிடும், ரோட்டரியின் கொதிக்கும் புகையையும் அது தாங்காது. அந்தக் கொதிப்பையே யமமோட்டோவின் ஆட்கள் ஆயுதமாக்கினார்கள். எக்ஸாஸ்ட் வாயிலில் தெர்மல் ரியாக்டர் என்ற தடித்த இரும்புப் பெட்டியை மாட்டி, ஒரு பம்பால் அதற்குள் காற்றைச் செலுத்தி, எரியாமல் வந்த மிச்சத்தை அங்கே எரித்தார்கள். வேலை கச்சிதமாக நடந்தது. 1973-ல் அமெரிக்கப் பெருநிறுவனங்கள் 1975-க்கான புகை வரம்பு சாத்தியமே இல்லை, தள்ளிவையுங்கள் என்று வாதாடியபோது, ஹோண்டாவின் சிவிசிசி இன்ஜினும் மாஸ்டாவின் ரோட்டரியும் அந்த வரம்பைத் தொட்டுக் காட்டிவிட்டிருந்தன. ஆனால் அந்தப் பெட்டி அணையாமல் இருக்க அதற்கும் எரிபொருள் வேண்டும். கலவை மெலிந்தால் புகையில் எரிவதற்கு ஒன்றும் இராது, பெட்டி ஆறிவிடும், ஆறினால் சுத்திகரிப்பு நின்றுபோகும். ஆகவே கார்புரேட்டரை வேண்டுமென்றே கெட்டிக் கலவைக்கு வைத்தார்கள். அணையப்போகும் அடுப்பில் எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருப்பதுபோல, ரோட்டரைத் தள்ள வேண்டிய பெட்ரோலில் ஒரு பங்கு எக்ஸாஸ்ட் பெட்டியைச் சூடாக வைத்திருக்கப் போனது. ஒரு காலன் பெட்ரோல் தண்ணீர் விலைக்கு விற்ற நாட்டில் இது புத்திசாலித்தனமான பேரமாகத்தான் தோன்றியிருக்கும்.

சில மாதங்களில் எண்ணெய் விலை நான்கு மடங்கானது. 1974 தொடக்கத்தில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட பட்டியலில் மாஸ்டா ரோட்டரிக்கு நகர ஓட்டத்தில் காலனுக்குச் சுமார் 10 மைல் என்று இருந்தது. நம் கணக்கில் லிட்டருக்கு நாலேகால் கிலோமீட்டர். எட்டு சிலிண்டர் வைத்த பெரிய அமெரிக்கக் கார்களுக்கும் ஏறத்தாழ அதே எண்தான். சோதனை நியாயமற்றது, மக்கள் ஓட்டும் விதத்தைக் காட்டவில்லை என்று நிறுவனம் எதிர்த்தது. அந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆறிக் கிடக்கும் இன்ஜினைக் கிளப்பி, சுமார் 12 கிலோமீட்டரை மணிக்குச் சராசரி 31 கிலோமீட்டர் வேகத்தில், நின்று நின்று ஓட்டும் சோதனை அது. ரோட்டரி எங்கே மோசமோ அந்த நிலைகளையெல்லாம் வரிசையாக அடுக்கியதுபோல் இருந்தது. ஆனால் அலுவலகத்துக்குக் காரில் போகிறவரும் அப்படித்தான் ஓட்டுகிறார் என்பதால் அந்தச் சோதனையைத் தவறென்று தள்ளவும் முடியாது. அமெரிக்காவில் மாஸ்டா விற்பனை அந்த ஓராண்டில் ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. ஹிரோஷிமாவில் விற்காத கார்கள் குவிந்தன, சுமிதோமோ வங்கி தன் ஆட்களை நிர்வாகத்துக்குள் அனுப்பியது, தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஷோரூம்களுக்கு விற்பனையாளர்களாகப் போனார்கள். மற்றவர்களும் கையை உதறினார்கள். 1970-ல் 5 கோடி டாலருக்கு உரிமம் பேசிய ஜெனரல் மோட்டார்ஸ் 1974 செப்டம்பரில் தன் ரோட்டரியைத் தள்ளிவைத்து, பிறகு எடுக்கவேயில்லை. சிட்ரோயன் 1973-ல் கொண்டுவந்த ஜிஎஸ் பைரோட்டர் 847 கார்களோடு நின்றது. விற்றவற்றில் பெரும்பாலானவற்றை நிறுவனமே திரும்ப வாங்கி உடைத்தது.

டோயோ கோக்யோ மட்டும் 1974-ல் ஃபீனிக்ஸ் திட்டம் என்ற பெயரில் ஓர் இலக்கை அறிவித்தது: முதலில் மைலேஜை 20 சதவீதம் உயர்த்துவது, அடுத்து 40 சதவீதம். அவர்கள் முதலில் கைவைத்த இடங்களில் ஒன்றுதான் என் வாதத்துக்கு முக்கியச் சான்று. ரோட்டரின் வடிவத்தை அவர்கள் மாற்றவில்லை. எக்ஸாஸ்ட் பாதையில் ஒரு வெப்பப் பரிமாற்றியைப் பொருத்தி, ரியாக்டருக்குள் போகும் காற்றை வெளியேறும் புகையின் சூட்டாலேயே முன்கூட்டிச் சுடவைத்தார்கள். பச்சைக் காற்று உள்ளே போய்ப் பெட்டியைக் குளிர வைப்பது நின்றது. பெட்டி தன் சூட்டைத் தானே காத்துக்கொண்டதால் கலவையை மெலிதாக்க முடிந்தது. கூடவே சீல்கள், கார்புரேட்டர், தீப்பொறி நேரம் என்று பலவற்றையும் செப்பனிட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் 40 சதவீத இலக்கு கடந்தது. மைலேஜ் 40 சதவீதம் கூடுவது என்றால் அதே தூரத்துக்கு ஏறத்தாழ 29 சதவீதப் பெட்ரோல் மிச்சம் என்று பொருள். அதாவது 1974-ன் வண்டி குடித்ததில் கால் பங்குக்கும் மேல், வடிவம் கட்டாயப்படுத்திய செலவே அல்ல. அந்த மிச்சம் முழுவதும் ரியாக்டரிலிருந்து வந்ததென்று நான் சொல்லவில்லை. ஆனால் இரும்பில் வடித்த விதி என்று எல்லோரும் நம்பிய ஒன்று, அதே இரும்பை வைத்துக்கொண்டே இவ்வளவு தூரம் நகர்ந்தது.

1978-ல் வந்த முதல் ஆர்எக்ஸ்-7 இந்த வேலையின் பலனாகவே பேசப்பட்டது. அங்கே ஒரு மறுப்பு எழும்: அந்தக் கார் சிக்கனமாக இருந்ததற்குக் காரணம் இன்ஜினா, அல்லது ஏறத்தாழ ஒரு டன் எடையும் காற்றைக் கிழிக்கும் தாழ்ந்த மூக்குமா? குடும்பக் காரில் வைத்த இன்ஜினை இரட்டை இருக்கைக் காருக்கு மாற்றிவிட்டு மைலேஜ் கூடிவிட்டது என்பது கண்கட்டு வித்தை அல்லவா? மறுப்பில் நியாயம் இருக்கிறது. இன்ஜின் சிறியதாகவும் எடை குறைந்ததாகவும் இருந்ததால்தான் அதை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி, மூக்கைத் தாழ்த்த முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் எடை எல்லாவற்றையும் விளக்கிவிடாது. அந்த ஆர்எக்ஸ்-7 தொடக்கத்தில் ரியாக்டரோடுதான் வந்தது. அமெரிக்காவில் 1981 மாடலில் ரியாக்டரை எடுத்துவிட்டுக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை வைத்தார்கள். ஈயமில்லாத பெட்ரோல் பரவியிருந்தது, ரோட்டரியின் சூட்டைத் தாங்கும் கன்வெர்ட்டரும் கைக்கு வந்திருந்தது. பெட்டிக்குத் தீனி போட வேண்டிய தேவை போனதும் மெலிந்த கலவையில் ஓட்ட முடிந்தது. கார் அதே கார், ரோட்டர் அதே ரோட்டர், மைலேஜ் மட்டும் மறுபடி ஏறியது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பழி ரியாக்டர் மேல்தான் என்றால், அது போன பிறகும் ரோட்டரி ஏன் பிஸ்டனை எட்டிப் பிடிக்கவில்லை? முதல் பதில், வடிவத்தின் கடன் அப்படியே பாக்கி இருந்தது. இரண்டாவது பதிலை ரோட்டரி ரசிகர்கள் விரும்ப மாட்டார்கள்: 1980-களின் நடுவிலிருந்து வாங்குகிறவர்கள் கேட்டதும் நிறுவனம் கொடுத்ததும் வேகம்தான். டர்போ வந்தது, பிறகு இரட்டை டர்போ வந்தது. 1990-ன் யூனோஸ் காஸ்மோவில் மூன்று ரோட்டரும் இரட்டை டர்போவும் சேர்ந்தன. அந்தக் காரின் பெட்ரோல் தாகம் இன்றும் பழமொழிபோல் பேசப்படுகிறது. டர்போ அழுத்தும்போது வெடிப்புத் தட்டலால் முனை சீல்கள் உடையாமலிருக்கக் கலவையைக் கெட்டியாக்க வேண்டும். கூடுதல் பெட்ரோல் அங்கே குளிரூட்டியாக வேலை செய்கிறது. முன்பு புகையை எரிக்கப் போன பங்கு இப்போது சூட்டைத் தணிக்கப் போனது, அவ்வளவுதான் மாற்றம்.

அதே ஆண்டுகளில் இதற்கு நேர்மாறான சான்றும் கிடைக்கிறது. 1991-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை நான்கு ரோட்டர் கொண்ட மாஸ்டா 787பி வென்றதை எல்லோரும் அதன் அலறலுக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த வகைக் கார்களுக்கு மொத்தப் பந்தயத்துக்கும் 2,550 லிட்டர் எரிபொருள்தான் என்ற வரம்பு இருந்ததைச் சொல்வதில்லை. 362 சுற்றில் ஏறத்தாழ 4,920 கிலோமீட்டர் ஓடி அது வென்றது, அதாவது லிட்டருக்கு 1.9 கிலோமீட்டருக்குக் குறையாமல். பின்னால் வந்த ஜாகுவார்களோ பெரிய 12 சிலிண்டர் இன்ஜினோடு பெட்ரோலை எண்ணி எண்ணி ஓட்ட வேண்டியிருந்தது. மாஸ்டாவுக்கு 830 கிலோ எடையும் ஜாகுவாருக்கு 1,000 கிலோவும் விதிக்கப்பட்டிருந்தன என்பதை மறைத்தால் அது வாதமாகாது, அந்தச் சலுகை பெரிய உதவிதான். இருந்தாலும் சும்மா குடித்துத் தீர்க்கும் இன்ஜின் எரிபொருள் வரம்புள்ள பந்தயத்தில் எடைச் சலுகையால் மட்டும் வென்றுவிட முடியாது. ரோட்டருக்கு மூன்று பிளக், சுற்றுக்கேற்ப நீளம் மாறும் உறிஞ்சு குழாய்கள், செராமிக் சீல்கள் என்று அதற்காகவே உழைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த இன்ஜின் நாள் முழுக்க முழுச் சுமையில், தனக்குப் பொருந்திய நிலையில் ஓடியது.

வடிவத்தின் கடனையே நேரடியாகத் தொட்ட மாற்றம் 2003-ல் ஆர்எக்ஸ்-8 காரின் ரெனிசிஸ் இன்ஜினில்தான் வந்தது. அதுவரை புகை வெளியேறும் வாயில் கூட்டின் சுற்றுச்சுவரில் இருந்தது. சுவரில் ஒட்டிய எரியாத கலவையை முனை சீல் வழித்துக்கொண்டு வந்து நேராக அந்த வாயிலில் தள்ளிவிடும். உறிஞ்சும் வாயிலும் வெளியேற்றும் வாயிலும் சற்று நேரம் சேர்ந்தே திறந்திருப்பதால் புதுக் கலவையில் பழைய புகையும் கலந்துவிடும். ரெனிசிஸில் வெளியேற்றும் வாயிலைப் பக்கச் சுவருக்கு மாற்றினார்கள். சீல் வழித்த கலவை அறைக்குள்ளேயே தங்கி அடுத்த சுற்றில் எரிந்தது, இரண்டு வாயில்களும் ஒன்றாகத் திறப்பதும் நின்றது. புகையைச் சுத்தமாக்கினால் மைலேஜ் குறையும் என்ற பழைய பேரம் இங்கேதான் முறிந்தது, ஒரே மாற்றத்தில் இரண்டும் மேம்பட்டன. என்றாலும் அமெரிக்க அரசின் புதிய கணக்கில் கியர் வண்டிக்கு நகரத்தில் காலனுக்கு 16 மைல், நெடுஞ்சாலையில் 22 மைல்தான் கிடைத்தது, லிட்டருக்கு ஏறத்தாழ ஏழு முதல் ஒன்பது கிலோமீட்டர். பிஸ்டன் ஸ்போர்ட்ஸ் கார்கள் அதற்குள் இன்னும் முன்னே போய்விட்டிருந்தன. ஐரோப்பாவில் யூரோ 5 புகை விதியைத் தாண்ட முடியாமல் 2010-ல் விற்பனை நின்றது, 2012 ஜூனில் உற்பத்தியே நின்றது.

2023-ல் எம்எக்ஸ்-30 மின்காரில் ரோட்டரி திரும்பி வந்தபோது அது சக்கரத்தோடு இணைக்கப்படவே இல்லை. 830 சிசி ஒற்றை ரோட்டர், நேரடியாக அறைக்குள் பெட்ரோல் தெளிக்கும் அமைப்பு, மின்சாரம் உற்பத்தி செய்வது மட்டுமே வேலை. ஐடிலில் நிற்பது, நகர நெரிசலில் ஊர்வது என்று அது தோற்ற நிலைகளிலிருந்தெல்லாம் அதை விலக்கி, பொருந்திய சுற்றில் பொருந்திய சுமையில் ஓடவிட வழி செய்திருக்கிறார்கள். ஆனால் 100 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் என்று ஐரோப்பியச் சோதனையில் அந்தக் காருக்குப் போட்டிருக்கும் எண்ணைக் காட்டி ரோட்டரி சிக்கனமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சோதனைத் தூரத்தில் பெரும்பகுதியைச் சுவர்ப் பிளக்கில் ஏற்றிய 17.8 கிலோவாட் மணி பேட்டரி ஓட்டுகிறது. 1974-ன் எண் ரோட்டரியின் குறையைக் கூட்டிக் காட்டியது, 2023-ன் எண் அதை மூடி மறைக்கிறது. 2024 பிப்ரவரியில் மாஸ்டா 36 பொறியாளர்களுடன் ரோட்டரிக்கென்று ஒரு குழுவை மீண்டும் அமைத்தது. அந்தக் குழு தொடர வேண்டிய ஆய்வுகளாக நிறுவனம் அறிவித்தவற்றில், முக்கியச் சந்தைகளின் விதிமுறைகளுக்கு இன்ஜினை இணங்கச் செய்வதும் ஒன்று.